பேட்டரி டவுன் ஆனால்: வடசென்னையில் புதிதாகக் கார் வைத்திருப்பவர்களுக்கு

ராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ ஒரு சந்துக்குள் நிறுத்தியிருக்கும் காரில் பேட்டரி டவுன் ஆகிவிட்டால், காரோடு வரும் கையேட்டில் இருக்கும் வைத்தியம் அப்படியே செல்லாது. இன்னொரு காரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திக் கேபிள் மாட்டச் சொல்கிறது கையேடு. முன்னால் வீட்டுப்படி, பின்னால் மீன்பாடி வண்டி, பக்கவாட்டில் வரிசையாக டூவீலர் என்றிருக்கும் தெருவில் இன்னொரு கார் எங்கிருந்து நுழையும்? தெருமுனை வரை வந்தாலும் கேபிள் எட்டாது.

அதனால் இந்தப் பக்கம் முதன்முறையாகக் கார் வாங்குகிற எவருக்கும் நான் சொல்வது இதுதான்: சீட் கவர், ஸ்பீக்கர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கையடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றை, அதாவது இன்னொரு கார் இல்லாமலே கரன்ட் கொடுத்து வண்டியைக் கிளப்பும் கருவியை, முதலில் வாங்கிவிடுங்கள். வாங்கியதும் டிக்கியில் போட்டு மறந்துவிடாதீர்கள். பேட்டரி நன்றாக இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் பானெட்டைத் திறந்து, அதன் ஒயர் முனையில் இருக்கும் கவ்விகளில், எந்தக் கிளாம்ப் எங்கே போகும் என்று ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். நள்ளிரவில் யாரையோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டிய நேரத்தில், போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முதன்முறையாகச் செய்து பார்க்கிற வேலை இல்லை இது.

முதலில், பேட்டரிதானா?

சாவியைத் திருகியதும் என்ன சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். பாதி கோளாறு அதிலேயே பிடிபட்டுவிடும். ‘டக்டக்டக்டக்’ என்று வேகமாகத் தட்டினால் பேட்டரி டவுன். ஸ்டார்ட்டருக்குக் கரன்ட்டை இணைத்துவிடும் சுவிட்சான சொலினாய்டைத் தட்டும் அளவுக்குக் கரன்ட் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு இல்லை. இன்ஜின் இழுத்து இழுத்து, முனகிக்கொண்டு சுற்றினால் பேட்டரி இன்றோ நாளையோ என்று இருக்கிறது. டாஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிந்து, ஒரே ஒரு ‘டக்’கோடு எல்லாம் நின்றுபோனால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள். இன்ஜின் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை என்றால் பெட்ரோல் வரும் வழியிலோ ஸ்பார்க்கிலோ பிரச்சினை. அதற்கு எத்தனை முறை ஜம்ப் கொடுத்தாலும் பயனில்லை.

இன்னொரு சோதனை: ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கி, கிட்டத்தட்ட அணைந்தே போனால் கோளாறு பேட்டரியில், அல்லது அதில் ஒயர் மாட்டும் முனையான டெர்மினலில். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் திரையில் சாவி தெரியவில்லை என்று காட்டினால், டவுன் ஆனது சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரியாகவும் இருக்கலாம். பல கார்களில் சாவியை பட்டனோடு ஒட்டிவைத்து அழுத்தினால் வண்டி கிளம்பிவிடும்.

டெர்மினலைப் பார்க்காமல் ஜம்ப் ஸ்டார்ட்டரைக் கையில் எடுக்காதீர்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியிருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். உப்புக்காற்று டெர்மினலைச் சும்மா விடாது. பானெட்டைத் திறந்தால் பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களில் ஒன்றின் மேல் வெள்ளையாகவோ, பச்சையும் நீலமும் கலந்தோ பொடி பூத்திருக்கும். அந்தக் குமிழைக் கவ்வியிருக்கும் காரின் கிளாம்ப்பை விரலால் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் போதும். நல்ல பேட்டரியையே செத்த பேட்டரி போலக் காட்டிவிடும். அவசரத்துக்கு கிளாம்ப்பை அழுத்தித் திருகி இறுக்கிவிட்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். பல நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

வீட்டில் நிதானமாகச் சுத்தம் செய்வதென்றால், மோதிரம், காப்பு, கைச்சங்கிலி எல்லாவற்றையும் முதலில் கழற்றிவையுங்கள். பெரும்பாலான கார்களுக்கு 10 நம்பர் ஸ்பேனர் போதும். மைனஸை முதலில் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசி. காரின் உடம்பு முழுக்க மைனஸோடு சேர்ந்திருப்பதால், மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸில் வைத்த ஸ்பேனர் பக்கத்து இரும்பில் பட்டால் பெரிய பொறி பறக்கும், ஸ்பேனர் பழுக்கக் காயும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பொடி நுரைத்துக்கொண்டு கரையும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் இறங்கக்கூடாது. துடைத்துக் காயவைத்து, இறுக்கி மாட்டி, மேலே லேசாக வாஸ்லின் தடவுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து பார்ப்பது நல்லது.

பேட்டரியின் உடம்பு உப்பியிருந்தாலோ, விரிசல் விட்டு ஆசிட் கசிந்தாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ அதில் எதையும் மாட்டாதீர்கள். ஜம்ப் ஸ்டார்ட்டரை உள்ளே வைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உள்ளே இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், ஒரு பொறி பட்டால் வெடிக்கும். பேட்டரி பக்கத்தில் சிகரெட், தீப்பெட்டி வேண்டாம். ஆசிட் கண்ணில் தெறித்துவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கிவைப்பதும் நல்லது. விலை அதிகம் இல்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் எதையும் ஆன் செய்யாமல் அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் பேட்டரி காலி என்றே வைத்துக்கொள்ளலாம். செல்ஃப் அடிக்கும் அந்த இரண்டு விநாடியில் 9.6-க்கும் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனமாகிவிட்டது.

கன்டெய்னர் லாரியிடம் ஜம்ப் கேட்காதீர்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்கக் காரணம் உண்டு. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையிலோ மணலி ரோட்டிலோ நின்றுபோனால் கண்ணுக்கு எட்டியவரை கன்டெய்னர் லாரிதான் நிற்கும். டிரைவர்களும் உதவுகிற மனசுக்காரர்கள். “அண்ணே, கொஞ்சம் ஜம்ப் குடுங்கண்ணே” என்று கேட்டால் மறுக்கமாட்டார்கள். ஆனால் அந்த லாரிகளில் இருப்பது 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். உங்கள் காரோ 12 வோல்ட். அந்தக் கரன்ட் ஏறினால் இன்ஜினின் கம்ப்யூட்டர், ஏர்பேக் கட்டுப்பாடு, மியூசிக் சிஸ்டம் என்று எது எது போகும் என்று சொல்லமுடியாது. பேட்டரியே வெடிக்கவும் வாய்ப்புண்டு.

“ரெண்டுல ஒரு பேட்டரில மட்டும் மாட்டிக்கலாம் தம்பி” என்று சிலர் சொல்வார்கள். கணக்குப்படி அதில் 12 வோல்ட்தான் வரும். ஆனால் எந்தப் பேட்டரி, எந்த முனை என்பதில் தவறினாலோ, இரண்டு வண்டியின் உடம்பும் ஒன்றையொன்று தொட்டாலோ ஷார்ட் ஆகிவிடும். வேண்டாம். பெரிய பஸ்ஸுக்கும் இதே கதைதான். குட்டி யானை 12 வோல்ட். அதனிடம் தாராளமாகக் கேட்கலாம்.

ஜம்ப் ஸ்டார்ட்டரை மாட்டுவது எப்படி

வண்டியை நியூட்ரலில் போடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஏசி, லைட், பாட்டு, சார்ஜரில் தொங்கும் போன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இக்னிஷன் ஆஃபில் இருக்கட்டும். ஜம்ப் ஸ்டார்ட்டரில் குறைந்தது பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். முழுதாக இருந்தால் இன்னும் நல்லது.

பேட்டரியில் பிளஸ் குறி எது என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய வண்டிகளில் ஏதோ ஒரு கடையில் ஏதோ ஒரு நிறத்தில் ஒயர் மாற்றியிருப்பார்கள். பிளஸுக்குச் சிவப்பு மூடி போட்டிருந்தால் அதைத் தூக்கிவிட்டு, சிவப்பு கிளாம்ப்பை அழுத்திக் கடிக்கவிடுங்கள். பல் ஈயத்தில் பதிய வேண்டும், பொடியின் மேல் நிற்கக்கூடாது. அடுத்து கறுப்பு. பேட்டரியிலிருந்து தள்ளி, இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலோ கனமான இரும்புத் துண்டிலோ அதை மாட்டுவது பாதுகாப்பு, ஏனென்றால் கடைசித் தொடுதலில் வரும் பொறி பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்காது. ஜம்ப் ஸ்டார்ட்டர்களின் ஒயர் குட்டை. எட்டவில்லை என்றால் மைனஸ் டெர்மினலிலேயே மாட்டுங்கள், பெரும்பாலான கருவிகளின் கையேடு அதை அனுமதிக்கிறது. சிக்னலில் நின்றால் இன்ஜின் தானாக அணைந்து கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார்களில் மைனஸ் டெர்மினல் மேல் ஒரு சின்ன சென்சார் பெட்டி உட்கார்ந்திருக்கும். அதைத் தொடாமல் பாடி எர்த்திலேயே, அதாவது மேலே சொன்ன இன்ஜின் இரும்பிலேயே, மாட்டுங்கள். கிளாம்ப் ஒயரைக் கருவியில் எப்போது செருகுவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் கருவியின் தாளில் உள்ளபடி செய்யுங்கள்.

கருவியை இன்ஜின் மேலே நழுவவிடாமல், ஃபேன், பெல்ட் பக்கம் ஒயர் போகாமல், சமமான இடத்தில் வையுங்கள். பச்சை விளக்கு வந்தால் சரி. சிவப்பு வந்து பீப் அடித்தால் பெரும்பாலும் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது; கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

பச்சை வந்த பிறகு ஒரு நிமிடம் பொறுங்கள். டீசல் வண்டி என்றால் இக்னிஷனை ஆன் செய்து, டாஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். இப்போது செல்ஃப் அடியுங்கள், 3 முதல் 5 விநாடிதான். எடுக்கவில்லையா, விட்டுவிட்டு ஒரு நிமிடம் கருவியைச் சூடு ஆறவிடுங்கள். மூன்று முறைக்கும் எடுக்கவில்லை என்றால் நிறுத்துங்கள். அதற்கு மேல் அடித்தால் கருவியும் போகும், ஸ்டார்ட்டர் மோட்டாரும் போகும்.

எடுத்துவிட்டால் இன்ஜினை நிறுத்தாமல், 30 விநாடிக்குள் கருவியைக் கழற்றுங்கள். செருகியிருக்கும் ஒயரைக் கருவியிலிருந்து பிடுங்குங்கள், அடுத்து கறுப்பு, கடைசியில் சிவப்பு. கிளாம்ப் இரண்டும் ஒன்றையொன்று தொடவேண்டாம்.

பேட்டரி ஒரேயடியாகச் செத்திருந்தால் கருவிக்கு அப்படி ஒரு பேட்டரி இருப்பதே தெரியாது. எந்த விளக்கும் வராது. அதற்கென்று ‘பூஸ்ட்’ பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் கருவி கண்ணை மூடிக்கொண்டு கரன்ட் கொடுக்கும். பெரும்பாலான கருவிகளில் அப்போது ஷார்ட், தலைகீழ் இணைப்பு போன்றவற்றுக்கான பாதுகாப்பு வேலை செய்யாது. அழுத்தும் முன் பிளஸ், மைனஸை இரண்டு முறை சரிபார்த்துவிடுங்கள்.

தெருவுக்கு வெளியே, இன்னொரு கார் வர இடம் இருந்தால் கேபிள் வைத்தும் செய்யலாம். சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பிளஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், பிறகு செத்த வண்டியின் இன்ஜின் இரும்பில். கழற்றுவது இதற்கு நேர் எதிர் வரிசை. மெல்லிய மலிவு கேபிள் சூடேறி உருகும், கெட்டியானதாக வாங்குங்கள். எலெக்ட்ரிக் காரையோ ஹைப்ரிட்டையோ உதவிக்கு அழைக்கும் முன் அதன் கையேட்டைப் பாருங்கள். பலவற்றில் தடை இருக்கிறது. தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியருக்கு மட்டும்தான், அதுவும் விளக்காவது எரிகிற பேட்டரியில்தான் நடக்கும். இன்ஜின் ஓடாதவரை பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கட்டையாக இருக்கும் என்பதால் கூட்டமான தெருவில் அதை நான் சொல்லமாட்டேன்.

எந்தக் கருவி வாங்குவது

கருவி ஒரு கணத்தில் கொடுக்கும் உச்ச கரன்ட் என்று பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கும் ‘பீக் ஆம்ப்’ எண்ணுக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே அளவுகோல் கிடையாது. அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள். 1.2 லிட்டர் பெட்ரோல் காருக்குப் பெயருள்ள கம்பெனியின் 800, 1000 ஆம்ப் கருவி தாராளம். 1.5 லிட்டருக்கு மேல் டீசல் என்றால் 1500-க்குக் குறையாமல் பாருங்கள். எத்தனை ஆயிரம் எம்ஏஎச் என்பது போனை எத்தனை முறை சார்ஜ் செய்யலாம் என்று சொல்லும். இன்ஜினைச் சுற்றும் பலத்தைச் சொல்லாது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் அதன் கீழே ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது லித்தியம். அதில் மலிவைத் தேடுவது ஆபத்து.

சென்னை மே மாத வெயிலில் மூடிவைத்த காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். லித்தியம் அதைத் தாங்காது. அதனால் கருவியை டாஷ்போர்டிலும் சீட்டிலும் விடாதீர்கள். வீட்டில் வைத்திருந்து கிளம்பும்போது பையில் எடுத்துக்கொள்வதுதான் சரி. ஆபீஸுக்குப் போனால் அது மேஜைக்கு வரட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். உப்பிய கருவியைச் சார்ஜில் போடவே கூடாது. வெயிலில் நிறுத்துவதைத் தவிர வழியில்லை என்பவர்களுக்கு கபாசிட்டர் வகைக் கருவி இருக்கிறது: லித்தியம் கிடையாது, செத்த பேட்டரியில் மிச்சமிருக்கும் கரன்டையே சில நிமிடம் உறிஞ்சிச் சேர்த்து ஒரே மூச்சில் கொடுக்கும். விலை கூட.

வண்டி கிளம்பிய பிறகு

ஜம்ப் கொடுத்தது பேட்டரியைச் சரிசெய்யவில்லை. இன்ஜினைச் சுற்றிவிட்டது, அவ்வளவுதான். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்கு ஏசியைப் போட்டு சிக்னல் சிக்னலாக நின்று போனால் ஏறுகிற சார்ஜ் ஒன்றுமில்லை. முடிந்தால் மாதவரம் ரவுண்டானா தாண்டிச் செங்குன்றம் வரை, ஏசி இல்லாமல், நிறுத்தாமல் முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற உதவி எண் இருக்கிறது.

ஒரேயடியாகக் காலியான பேட்டரிக்கு ஓட்டம் போதாது. பேட்டரிக் கடையில் விட்டு, மெதுவாகச் சார்ஜ் ஏற்றச் சொல்லுங்கள். 35 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிக்கு 3.5 ஆம்ப் அளவில், 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அரை மணியில் ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லை என்றால் கோளாறு, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில்; புது பேட்டரி போட்டாலும் அதுவும் டவுன் ஆகும். சில புதிய கார்கள் வோல்டேஜைத் தாமாகவே குறைத்துக்கொள்ளும் என்பதால் ஹெட்லைட்டைப் போட்டு இன்னொரு முறை அளந்து முடிவெடுங்கள். 15-ஐத் தாண்டினால் உடனே எலெக்ட்ரீஷியனிடம் போங்கள்.

அடுத்து, ஏன் டவுன் ஆனது என்று தேடுங்கள். கதவு லைட் எரிந்துகொண்டிருந்ததா? டேஷ்கேம், ஜிபிஎஸ் கருவி, வெளியே மாட்டிய மியூசிக் சிஸ்டம் இராத்திரியும் கரன்ட் குடிக்கிறதா? நிறுத்திய கார் 50 மில்லி ஆம்ப் இழுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஏஎச் போகும். 35 ஏஎச் பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். சனி, ஞாயிறு மட்டும் எடுக்கிற வண்டிகளில் டவுன் ஆவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூடி உள்ள பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், மேல் கோடு வரை. கேன் தண்ணீர் கூடாது, ஆசிடும் கூடாது.

மழைக்காலம்

2015 டிசம்பரும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் கண்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை போன்ற தாழ்ந்த இடங்களில் நிற்கும் காருக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் ஜம்ப் கொடுக்கவே கூடாது. செல்ஃபும் அடிக்காதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரே ஒரு சுற்றில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் வடிந்ததும், கை எட்டினால் மைனஸை மட்டும் கழற்றிவிட்டு, படம் எடுத்து இன்ஷூரன்ஸுக்குச் சொல்லி, வண்டியைத் தூக்கிப்போக ஏற்பாடு செய்யுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததுமே வண்டியை மேடான இடத்துக்கு மாற்றி மைனஸைக் கழற்றிவைப்பது இன்னும் நல்லது.

மாற்றுவது என்று முடிவானால்

வெப்பம் 10 டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. அதனால் நம் ஊரில் 3, 4 வருடம் ஓடினால் அது நன்றாகவே உழைத்திருக்கிறது. அதற்கு மேல் இரண்டாவது முறை ஜம்ப் கேட்டால் மாற்றிவிடுங்கள். காரில் இருந்த அதே ஏஎச், பிளஸ் முனை அதே பக்கம், ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு அதற்கென்றே உள்ள வகை, இந்த மூன்றும் பொருந்த வேண்டும். தயாரித்த மாதத்தைப் பார்த்து, கடையில் நாள்பட்டுக் கிடந்ததைத் தவிருங்கள்.

பழைய பேட்டரியைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். நாலு காசு கூடக் கிடைக்கிறது என்று வேறு எங்கும் போடாதீர்கள். திறந்தவெளியில் உருக்குகிற ஆட்களிடம் போய்ச் சேர்ந்தால் அந்த ஈயப்புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். முறையாகத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்களிடம் கொடுத்திருக்கின்றன.

வாரண்டி இரண்டு பகுதியாக இருக்கும்: முதல் பகுதியில் கெட்டுப்போனால் இலவசமாக மாற்றித் தருவார்கள், இரண்டாவதில் தள்ளுபடி மட்டும்தான். இலவசப் பகுதி எத்தனை மாதம் என்று கேட்டே வாங்குங்கள். பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் பேட்டரி மேல் இருப்பதும் ஒன்றா என்று கடையிலேயே பார்த்துவிட்டு, பில், வாரண்டி அட்டை இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.